ஜிம்முக்கு என்ன போட்டுக்கொண்டு போவது? யாழ்ப்பாணத்தில் எடைப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு

"நாளைக்கு ஜிம்முக்குப் போகப் போறன், என்ன போட்டுக்கொண்டு போறது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்குப் போகமுதல், இரும்பும் பெஞ்சும் தரையும் உங்கள் உடம்பில் எங்கெங்கே படப்போகின்றன என்று யோசியுங்கள். எடைப் பயிற்சியில் உடுப்பின் வேலை அந்த இடங்களில்தான் இருக்கிறது.

ஓடுகிறவருக்கு உடுப்பு பாரமில்லாமல் இருக்க வேண்டும், வியர்வை சீக்கிரம் காய வேண்டும். எடை தூக்குபவர் ஐந்தாறு தரம் தூக்கிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் ஆறுகிறார். அவருக்கு வேண்டியது வேறு. பாரத்தோடு குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் பார், அதாவது தட்டு மாட்டும் நீள இரும்புக் கம்பி, தோளுக்குப் பின்னால் கிடக்கிறது. தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிப்டில் அது முழங்காலுக்குக் கீழே எலும்பை உரசிக்கொண்டு மேலே வருகிறது. படுத்தபடி பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் முதுகு பெஞ்சில் வழுக்காமல் கிடக்க வேண்டும். ஸ்குவாட்டிலும் டெட்லிப்டிலும் பாரம் கடைசியில் பாதம் வழியாகத் தரைக்குப் போகிறது. கடைகளில் 'ஸ்போர்ட்ஸ்' என்று தொங்கும் உடுப்பில் பெரும்பகுதி ஓட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் மனதில் வைத்துத் தைத்தது. அதில் சில நமக்கு உதவும், சில உதவாது.

முதல் வாரத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். அலுமாரியில் இருக்கும் பருத்தி ரீசேர்ட் ஒன்று, தடையில்லாமல் குந்தக்கூடிய ஏதாவது கீழுடுப்பு, தட்டையான அடியுள்ள சப்பாத்து, ஒரு துவாய். இவ்வளவும் போதும். அந்த வாரத்தில் எது இழுத்தது, எது நழுவியது, எங்கே உரசியது என்று கவனித்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.

1. காலில் இருந்து தொடங்குங்கள்

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தால் அது சப்பாத்துதான். ஆனால் அதிகமானோர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் இருப்பதிலேயே விலை கூடிய, மெத்தென்று அமுங்கும் ஓட்டச் சப்பாத்தை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மெத்தை ஓடும்போது குதிக்காலில் விழும் அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. தோளில் அறுபது கிலோவோடு குந்தும்போது அதே மெத்தை ஒரு பக்கமாக அமுங்கும், பாதம் ஆடும், முழங்கால் உள்ளே சரியும். சதுப்பு நிலத்தில் நின்று மூட்டை தூக்குவது மாதிரித்தான்.

வேண்டியது தட்டையான, கெட்டியான, மெல்லிய அடி. கடையில் சோதிப்பது சுலபம். சப்பாத்தின் குதிப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நன்றாக உள்ளே போனால் வைத்துவிடுங்கள். பிறகு போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். கணுக்கால் இரண்டு பக்கமும் தத்தளித்தால் அதுவும் வேண்டாம். முன்பக்கம் விரல்கள் விரிய இடம் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பாட்டாச் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலம், ஒடுங்கிய சப்பாத்து அதை நெரிக்கும். பின்னேரம் போய் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த பிறகு பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும், அளவு சரியாகப் பிடிபடும்.

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறும் மலிவான சப்பாத்து ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. பாட்டாவிலும் டிஎஸ்ஐயிலும் பெரியவர்களின் அளவிலும் கிடைக்கிறது. பார்க்கப் பெருமையாக இருக்காது. ஆனால் டெட்லிப்டுக்கு அதைவிட நல்லதை இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்தும் வாங்குவது கடினம். பளுதூக்கல் வீரர்கள் போடும் குதி உயர்ந்த சப்பாத்து வேறு வகை. அதன் குதி ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும், அடி மரம் போல் இறுகியிருக்கும். கணுக்கால் மடங்காதவர்களுக்கு அது ஆழமாகக் குந்த உதவும். கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக இராது. தொடக்கத்தில் அது யாருக்கும் தேவையில்லை.

செருப்போடு எடை தூக்க வேண்டாம். வழுக்கும் என்பதைவிட, பத்துக் கிலோத் தட்டு ஒன்று கைநழுவினால் விரலைக் காக்க அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். வெறுங்காலோடு டெட்லிப்ட் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது நிலைப்புக்கு நல்லதுதான், ஆனால் தட்டு விழுந்தால் அங்கேயும் இதே கதை. சப்பாத்தும் முழுப் பாதுகாப்புத் தராது, ஓரளவு தரும்.

இன்னொன்று, வலிகாமத்துக்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். செம்பாட்டு மண் படிந்த அடியோடு ஜிம்முக்குள் போகாதீர்கள். அந்தத் தூள் றப்பர் விரிப்பில் மாவு மாதிரிப் பரவி வழுக்கும், மற்றவர்களின் பிடியையும் கெடுக்கும். ஜிம் சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். மாரி காலத்தில் இது இன்னும் முக்கியம். வெள்ளம் நின்ற ஒழுங்கையால் நடந்துவந்த சப்பாத்தோடு பாரம் தூக்கக் கூடாது.

மேசு பற்றி. சாதாரண நாளில் கணுக்காலை மூடும் பருத்தி மேசு போதும். டெட்லிப்ட் செய்யும் நாளில் முழங்கால் வரை வரும் நீள மேசு போடுங்கள். போட்டிகளில் பயன்படும் பெரிய தட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அதை மாட்டினால் பார் தரையில் இருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். நம்மூர்ச் சின்ன ஜிம்களில் பெரும்பாலும் விட்டம் குறைந்த இரும்புத் தட்டுகள்தான் இருக்கும். அதனால் பார் இன்னும் கீழே கிடந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை நீளத்துக்கு உரசும். பாரில் பிடிக்காக வெட்டியிருக்கும் சொரசொரப்பு தோலைச் சீவிவிடும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிப்ட் மூன்றையும் கொண்ட பவர்லிப்டிங்கின் சர்வதேசப் போட்டிகளில் டெட்லிப்டுக்கு நீள மேசு கட்டாயம். பாரில் இரத்தம் படாமல் இருப்பது அடுத்துத் தூக்குபவருக்கும் நல்லது. உதைபந்தாட்ட மேசு இதற்கு அருமையாகப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்ட மேசுக்கா பஞ்சம்?

2. கீழுடுப்பு: குந்திப் பார்த்து வாங்குங்கள்

இங்கே ஒரே ஒரு சோதனைதான். முழுதாகக் குந்துங்கள், தொடை கணுக்காலை நோக்கி மடங்கும் வரை. துணி தொடையைப் பிடித்தால், கவட்டில் இழுத்தால், இடுப்புப்பட்டி பின்னால் கீழே இறங்கினால் அது சரிவராது. ஜீன்ஸ் இந்தச் சோதனையில் தோற்கும். வேலைக்குப் போடும் களிசானும் தோற்கும், தையல் விட்டும் போகும். சாரம் வீட்டில் பழகுவதற்குச் சரி, பாருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஆண்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே முடியும் கட்டைக் களிசான் நல்லது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் அகலமான வகை குந்தும்போது முழங்காலில் மாட்டி இழுக்கும். பக்கங்களில் சிறு பிளவு இருந்தால் இன்னும் நல்லது. பையில் சிப் இல்லாவிட்டால், பெஞ்சில் படுக்கமுதல் போனையும் மோட்டார் சைக்கிள் திறப்பையும் எடுத்து வைத்துவிடுங்கள். இடுப்புக்குக் கீழே திறப்போடு படுத்துப் பெஞ்ச் பிரஸ் செய்வது எப்படி இருக்கும் என்று அனுபவித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கட்டைக் களிசான் விருப்பமில்லாதவர்கள் ட்ராக் பொட்டம் போடலாம். கணுக்காலில் இறுகி முடிகிற வகையாகப் பாருங்கள். தரையில் இழுபடும் நுனியை நீங்களே மிதித்துக்கொள்வீர்கள்.

பெண்களுக்கு லெகிங்ஸ் வசதி, அதில் சந்தேகமில்லை. இழுபட்டுத் திரும்பும் தன்மை அதில் கலந்திருக்கும் எலாஸ்ரேன் நூலால் வருவது. 1958இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட நூல் அது, லைக்ரா என்ற பெயரில் நமக்குப் பழக்கம். வாங்கும்போது துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல் தெரிந்தால், குனியும்போதும் தெரியும். போட்டுப் பார்க்கும் அறை இருந்தால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தும் பாருங்கள். இளஞ்சாம்பல் நிறத்தில் வியர்வை அப்படியே படம் போட்டுக் காட்டும், கறுப்பும் கரும்நீலமும் காட்டாது. லெகிங்ஸ் போட மனமில்லாதவர்கள் கொஞ்சம் அகலமான ட்ராக் பொட்டத்தோடு நீளமான ரீசேர்ட் போட்டால் ஒரு குறையும் இல்லை. எடைப் பயிற்சிக்கு இறுக்கமான உடுப்புத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சுடிதாரின் கீழுடுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. துப்பட்டா கூடவே கூடாது, கேபிள் இயந்திரத்தின் கப்பியில் அது சிக்கினால் கழுத்தோடு இழுக்கும்.

3. மேலுடுப்பு: பருத்தியா பொலியெஸ்டரா?

இந்த இடத்தில் எனக்கும் பல பயிற்றுநர்களுக்கும் ஒத்துவராது. 'பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சும், ட்ரைபிட் (சீக்கிரம் காயும் பொலியெஸ்டர் துணி) வாங்குங்கோ' என்பது பொதுவான ஆலோசனை. உறிஞ்சுவது உண்மைதான். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் பிடிப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் ஸ்குவாட்டில் பார் முதுகில் நழுவாமல் கிடக்க வேண்டும். பெஞ்சின் ரெக்சின் உறையில் தோள்பட்டை அசையாமல் பதிய வேண்டும். இந்த இரண்டு வேலையையும் சற்றுத் தடித்த பருத்தி ரீசேர்ட்தான் நன்றாகச் செய்கிறது. வழுவழுப்பான பொலியெஸ்டர் போட்டுக்கொண்டு கனமாகப் பெஞ்ச் பிரஸ் செய்து பாருங்கள். காலால் தரையை உந்தியதும் உடம்பு தலைப் பக்கம் நகரும். ஆகவே பார் முதுகில் ஏறும் நாளிலும் பெஞ்ச் நாளிலும் பருத்தி. டம்பெல், கேபிள், உடற்சூட்டுப் பயிற்சி என்று விடாமல் வியர்க்கும் நாளில் பொலியெஸ்டர். இரண்டும் கலந்த துணி கிடைத்தால் எல்லா நாளுக்கும் ஒப்பேறும்.

நம்மூர் வெப்பம் இதில் குறுக்கே வரும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது வடிவதால் அல்ல, காற்றில் ஆவியாவதால். கடல் சூழ்ந்த குடாநாட்டில் காற்றே ஈரமாக இருக்கிறபடியால் சித்திரை வைகாசியில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். எந்தத் துணி போட்டாலும் நனையும். ஜிம்மில் ஏசி இல்லாவிட்டால் யன்னலோரத்தில் இருக்கும் ராக்கை, அதாவது பாரைத் தாங்கும் சட்டத்தை, பிடியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் அந்த இடம் எந்த விலை உயர்ந்த ரீசேர்ட்டையும்விட உதவும். ஒரு மணித்தியாலம் கடந்து ரீசேர்ட் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று பையில் இருக்கட்டும்.

கையில்லாத பெனியன் போடலாமா? போடலாம், ஆனால் ஸ்குவாட் நாளில் வேண்டாம். தோள் தோலில் பாரின் சொரசொரப்பு நேரே அழுத்திச் சிவந்து தடிக்கும். கை வெட்டிய பெனியனோடு பெஞ்சில் படுத்தால் உங்கள் வியர்வை முழுக்க உறையில் தேங்கும். அடுத்தவர் அதில்தான் படுக்க வேண்டும். துவாய் விரிக்காமல் படுப்பது யாழ்ப்பாணத்து ஜிம்களில் நான் காணும் பெரிய குறை. படர்தாமரை போன்ற தோல் நோய்கள் ஈரமும் பகிர்வும் உள்ள இடங்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

ரீசேர்ட்டைச் சோதிப்பது எப்படி என்றால், இரண்டு கையையும் தலைக்கு மேலே நேரே தூக்குங்கள். வயிறு வெளியே தெரிந்தால் நீளம் போதாது. அக்குளில் இழுத்தால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். மிகப் பெரிதாகவும் வேண்டாம், டெட்லிப்டில் தொங்கும் துணி பாருக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டும்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் தைத்து வெளிநாட்டுக்குப் போகும் உடுப்பில் மிஞ்சியது, லேபல் வெட்டப்பட்டு நகரத்துக் கடைகளுக்கும் நடைபாதைக்கும் வருகிறது. அதில் நல்ல ஸ்போர்ட்ஸ் துணி அடிக்கடி அகப்படும். அவசரப்படாமல் தையலைப் பாருங்கள், ஏனென்றால் சில துண்டுகள் பிழை காரணமாகவே கழிக்கப்பட்டவை. நடைபாதையில் போட்டுப் பார்க்க வழியில்லை. களிசான் என்றால் அதன் இடுப்புப்பட்டியை இழுக்காமல் கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள், இரண்டு நுனியும் பின்னால் சந்தித்தால் இடுப்புக்கும் ஏறத்தாழச் சரியாக இருக்கும். தையற்காரர்களின் பழைய கணக்கு இது, மில்லிமீற்றர் பிசகாது என்று எதிர்பார்க்க வேண்டாம்.

4. பெண்களுக்கு இன்னும் சில

ஸ்போர்ட்ஸ் பிராவில் தோள்பட்டியைவிட மார்புக்குக் கீழே வரும் பட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்வு. கையைத் தூக்கும்போது பட்டி மேலே ஏறக் கூடாது. எடைப் பயிற்சியில் குதிப்பது குறைவு என்றபடியால் ஓட்டத்துக்குரிய மிக இறுக்கமான வகை தேவைப்படாது. முதுகில் கொக்கி உள்ளதை வாங்குவதற்குமுதல் தரையில் படுத்துப் பாருங்கள். பெஞ்சில் அந்தக் கொக்கி முதுகெலும்பில் குத்தும். தலைவழியாகப் போடும் வகை இந்த விடயத்தில் நல்லது.

தலைமயிரைக் கொண்டை போட்டால், அது ஸ்குவாட் பார் வந்து உட்காரும் இடத்திலும் பெஞ்சில் தலை படும் இடத்திலும் நிற்கும். உச்சியில் உயர்த்திக் கட்டுங்கள், அல்லது ஒற்றைப் பின்னலாகப் பின்னி முன்னால் விடாமல் ரீசேர்ட்டுக்குள் செருகுங்கள். பின்தலையில் பிளாஸ்ரிக் கிளிப் வேண்டாம்.

உடம்பை முழுவதும் மூடிக்கொண்டு பயிற்சி செய்ய விரும்புவோர் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பளுதூக்கல் போட்டிகளில் முழங்கையும் முழங்காலும் தெரிய வேண்டும் என்று விதி இருந்தது. முழங்கை நேராக நிமிர்ந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்பது காரணம். அமெரிக்காவில் போட்டியிட்ட முஸ்லிம் வீராங்கனை கல்சூம் அப்துல்லா கேள்வி எழுப்பிய பிறகு, 2011இல் சர்வதேச பளுதூக்கல் சம்மேளனம் விதியை மாற்றியது. உடம்போடு ஒட்டிய உடை கையையும் காலையும் மூடலாம் என்று அனுமதி வந்தது. தலைக்கு முக்காடு போடுபவர்கள் ஊசி குத்தாமல் தலைவழியாகப் போடும் வகையை எடுத்தால் போதும்.

வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகும்போது மேலே ஓர் அகலமான சேர்ட் போட்டுக்கொண்டு, உள்ளே போனதும் கழற்றிப் பையில் வைப்பது பலரும் செய்வது. உடுப்பு மாற்ற ஒழுங்கான அறை இல்லாத ஜிம்களும் உண்டு. சேரமுதல் அதையும், பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. நகை

மோதிரத்தைக் கழற்றுங்கள். இதில் விட்டுக்கொடுப்பில்லை. பாரைப் பிடிக்கும்போது மோதிரம் உள்ளங்கைத் தோலை நெரிக்கும். அதைவிட மோசமானது, தொங்கிப் பயிற்சி செய்யும்போது எங்காவது மாட்டி உடம்புப் பாரம் முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்குவது. விரலின் தோலும் சதையும் உரிந்துபோகும் காயம் அப்படித்தான் வருகிறது. கழராவிட்டால் சவர்க்காரமோ எண்ணெயோ பூசிக் கழற்றுங்கள், அதையும் வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள்.

காப்பும் கைச்சங்கிலியும் அப்படியே. தாலிக்கொடியைக் கழற்ற விரும்பாதவர்கள் ரீசேர்ட்டுக்கு உள்ளே விட்டு, ஸ்போர்ட்ஸ் பிராவின் மேல்பட்டிக்குள் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் ஸ்குவாட் நாளில் பார் கழுத்தடியில் கொடியின் மேலேயே இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆண்களின் தடித்த கழுத்துச் சங்கிலிக்கும் இதேதான். ஜிம் அலுமாரியை நம்பித் தங்கத்தை வைக்காமல் வீட்டில் வைத்துவிட்டு வருவது நிம்மதி. கோயிலில் கட்டிய நூல் இருந்தால் ஒன்றும் செய்யாது.

6. இப்போது வாங்க வேண்டாதவை

கையுறை பாரைத் தடிக்கச் செய்து பிடியைக் கடினமாக்கும். காய்ப்பு வருவது இயற்கை, அதற்குப் பயந்து கையுறை வேண்டாம். வியர்வையால் கை வழுக்கினால் மக்னீசியம் காபனேற்றுத் தூள் பூசலாம், ஜிம்காரர் அனுமதித்தால். பள்ளிக்கூடத்துச் சோக்கு அது அல்ல.

தோல் பெல்ட்டுக்கும் அவசரமில்லை. வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடிக்கப் பழகிய பிறகுதான் அதனால் பயன். வயிறு அந்தப் பெல்ட்டைத் தள்ளுவதில்தான் முழு உதவியும் இருக்கிறது. வாங்கும் நாளில் 10 சென்ரிமீற்றர் அகலமானதைப் பாருங்கள். பவர்லிப்டிங் விதிப்படி அதுதான் உச்ச அகலம். முழங்கால் உறையும் மணிக்கட்டுப் பட்டியும் அதற்கும் பிறகு.

'வியர்த்தால் கொழுப்புக் கரையும்' என்று பிளாஸ்ரிக் உடுப்பும் தடித்த ஜாக்கெட்டும் போடுபவர்களைக் காண்கிறேன். தராசில் குறைவது தண்ணீர். இரண்டு போத்தல் குடித்ததும் திரும்பி வந்துவிடும். யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அந்த உடுப்போடு பயிற்சி செய்வது வெப்பத் தாக்கத்தைத் தேடிப்போவதுதான். வயிற்றில் சுற்றும் 'ஸ்லிம்மிங் பெல்ட்'டுக்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல கன்வஸ் சப்பாத்து வாங்கலாம்.

7. தோய்ப்பது

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேலே இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கட்டிச் சவர்க்காரம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் பசையாகத் துணியில் படியும். பொலியெஸ்டரும் லெகிங்ஸும் அந்தப் பசையோடு வியர்வை எண்ணெயையும் பிடித்துவைத்திருக்கும். 'தோய்த்தும் மணக்குது' என்ற முறைப்பாட்டுக்குப் பாதிக் காரணம் இதுதான். தோய்க்கும் தூள் கட்டிச் சவர்க்காரத்தைவிட நல்லது, கொஞ்சமாகப் போட்டு இரண்டு தரம் நன்றாக அலசுங்கள். எப்போதாவது ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்தால் படிந்தது கழன்று வரும். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்துத் தோய்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வாசனைக்குப் போடும் துணி மென்மையாக்கியை ஸ்போர்ட்ஸ் உடுப்பில் தவிருங்கள், துணியின் மேல் படலமாகப் படிந்து வியர்வை வெளியேறும் வழியை அடைக்கும். எலாஸ்ரேன் கலந்ததைச் சுடுதண்ணீரில் போட வேண்டாம், மதிய வெயிலில் கொடியிலும் போட வேண்டாம். நிழலில் உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவையுங்கள். நனைந்த உடுப்பைப் பையில் பூட்டி வைத்து அடுத்த நாள் எடுப்பதுதான் நாற்றத்துக்கு முதல் காரணம். வந்த உடனே தோய்க்க நேரமில்லாவிட்டாலும் விரித்துப் போடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் போகிறவருக்கு இரண்டு சோடி உடுப்புப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மூன்றாவது சோடி ஒன்று வேண்டும், அந்த மாதங்களில் தடித்த பருத்தி ரீசேர்ட் இரண்டு நாளாகியும் காயாது. சப்பாத்து நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, பேப்பர் ஈரமாக ஈரமாக மாற்றிக்கொண்டிருங்கள். அடுப்படிச் சூட்டில் வைத்தால் அடியை ஒட்டிய பசை இளகிவிடும்.